கறிவேப்பிலைக்குப் பெயர் தந்தவர், கரையான் புற்றுக்குள் காளானைப் பார்த்தவர்: ஆற்காடு நவாபின் இயற்கை ஆய்வாளர் கோனிக் யார்?

ரசத்தில் மிதக்கிற கறிவேப்பிலையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்காதவர்கள் நம்மில் ரொம்பக் குறைவு. அந்த இலையின் அறிவியல் பெயர் பெர்கெரா கோனிகி. சில புத்தகங்களில் முர்ரயா கோனிகி என்று இருக்கும். முன்பாதி இப்படி அடிக்கடி மாறியிருக்கிறது, பின்பாதி மட்டும் 250 வருடமாக அப்படியே நிற்கிறது. அந்தப் பின்பாதிக்குச் சொந்தக்காரர் யோஹான் கெர்ஹார்டு கோனிக். தரங்கம்பாடியில் டாக்டராக இருந்தவர், ஆற்காடு நவாபிடம் சம்பளம் வாங்கியவர், வேலூர், ஆம்பூர் பக்கத்து மலைகளில் செடி தேடி நடந்தவர்.

இப்போது ஏன் அவரைப் பற்றி? மழை பிடித்தால் ஏலகிரி, ஜவ்வாது மலை, அமிர்தி என்று வார இறுதி நடைப்பயணம் போகிறவர்களின் வாட்ஸ்அப் குரூப்களில் காளான் படங்கள் குவிய ஆரம்பிக்கும். கூடவே, சாப்பிடலாமா என்ற கேள்வியும் வரும். அந்தப் படங்களில் பாதிக்கு மேல் புற்றுக்காளானாகவோ, புற்றுக்காளான் என்று நம்பி எடுத்த வேறொன்றாகவோதான் இருக்கும். கரையான் புற்றுக்குள் காளான் வளர்கிறது என்பதை ஐரோப்பிய அறிவியல் உலகத்துக்கு முதலில் எழுதித் தெரிவித்தவர் இதே கோனிக்தான். அவர் கதையைச் சொன்னால் காளான் கதையும் சேர்ந்தே வந்துவிடும்.

லாட்வியா டு தரங்கம்பாடி

கோனிக் பிறந்தது 1728 நவம்பரில், இன்றைய லாட்வியாவில். அப்போது அது போலந்து ஆட்சிக்கு உட்பட்ட பகுதி. மருந்துக்கடைத் தொழிலும் மருத்துவமும் கற்றுக்கொண்ட இளைஞருக்குச் செடிகள் மேல் ஆர்வம் அதிகம். 1757-ல் ஸ்வீடன் போய், உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த கார்ல் லின்னேயஸிடம் மாணவராகச் சேர்ந்தார். இன்றைக்கு நாம் ஹோமோ சேப்பியன்ஸ் என்று சொல்கிறோமே, அந்த முறைதான்.

அடுத்த சில வருடங்கள் டென்மார்க்கில். அந்நாட்டு அரசின் தாவரங்களை எல்லாம் படத்தோடு தொகுக்கும் ஃப்ளோரா டானிகா என்ற பெரிய திட்டத்துக்காக, 1764-ல் ஐஸ்லாந்துக்குப் போனார். குளிரில் நடுங்கிக்கொண்டே பொறுக்கிய செடிகளில் ஒன்று, விரல் உயரம்கூட வளராத ஒரு குட்டிப் பூண்டு. லின்னேயஸ் அதற்குக் கோனிஜியா என்று மாணவர் பெயரையே வைத்தார். ஐஸ்லாந்துப் பூண்டுக்கும் நம் வீட்டுக் கறிவேப்பிலைக்கும் ஒரே ஆள் பெயர் எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் இதுதான் பதில்.

1767-ல் தரங்கம்பாடி மிஷனுக்கு மருத்துவராக வேலை கிடைத்தது. 1620 முதல் டேனிஷ்காரர்கள் கையில் இருந்த ஊர், 1706-ல் சீகன்பால்க் வந்து இறங்கிய ஊர். கோனிக் பகலில் நோயாளிகளைப் பார்ப்பார், மற்ற நேரத்தில் வயல், வரப்பு, கடற்கரை, புதர் என்று சுற்றுவார். சேகரித்த செடிகளைக் காயவைத்து, லத்தீனில் குறிப்பு எழுதி, கப்பலில் ஐரோப்பாவுக்கு அனுப்புவார். பூச்சிகளையும் விடவில்லை. அவர் அனுப்பிய பூச்சிகளுக்கு ஃபப்ரீசியஸ் என்ற டேனிஷ் ஆய்வாளர் பெயர் வைத்தார். 1773-ல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகம், ஆளே நேரில் வராமல், அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. வொர்க் ஃப்ரம் ஹோம் பட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயத்தையும் செய்தார். கூட இருந்த மிஷனரிகளுக்குச் செடி பார்க்கக் கற்றுக்கொடுத்தார். அந்தத் தரங்கம்பாடி வட்டத்தில் பின்னால் சேர்ந்தவர்தான் ரோட்லர். தமிழ்-ஆங்கில அகராதி தொகுத்தாரே, அதே ரோட்லர். ஒரே ஆள் சொற்களையும் சேகரித்தார், செடிகளையும் சேகரித்தார்.

நவாபின் வேலையாள்

மிஷன் சம்பளம் கைக்கும் வாய்க்கும் பற்றவில்லை. ஊர் ஊராகப் போய்ச் செடி சேகரிக்க அது எங்கே போதும்? 1774-ல் கோனிக் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவிடம் இயற்கை ஆய்வாளராகச் சேர்ந்தார். நவாபுக்குப் பெயரில்தான் ஆற்காடு, இருப்பது சென்னை சேப்பாக்கம் அரண்மனையில். தலைக்கு மேல் கடன். கடன் கொடுத்தவர்களில் கம்பெனி அதிகாரிகளே நிறையப் பேர். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு செடி டாக்டருக்குச் சம்பளம் போட்டிருக்கிறார்கள் என்பதே ஆச்சரியம்தான்.

இந்தக் காலத்தில்தான் அவர் வேலூர், ஆம்பூர் பக்கத்து மலைகளுக்குப் போனார். 1776-ல் வடக்கே நகரி மலைக்கும் போனார். ஆம்பூர் என்றால் இன்றைக்கு நமக்கு பிரியாணி, ஷூ, தோல் தொழிற்சாலை. அன்றைக்கு நவாப் குடும்பத்துக்கு அது வேறு மாதிரியான ஊர். முகமது அலியின் அப்பா அன்வருதீன் கான் 1749 ஆகஸ்டில் கொல்லப்பட்டது ஆம்பூர்ப் போரில்தான். 1767-ல் ஹைதர் அலி முற்றுகையிட்டதும் ஆம்பூர்க் கோட்டையைத்தான். மைசூரிலிருந்து இறங்கும் படைகளுக்கு அது வாசல். அந்த வாசலில் ஒருவர் இலையையும் பூவையும் எண்ணிக்கொண்டு நடந்திருக்கிறார்.

தோல் தொழில் இங்கே பெரிதாக வளர்ந்தது அதற்கு அடுத்த நூற்றாண்டில். அதுகூட முதலில் செடிகளை நம்பியே நடந்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டியில்தான் தோலைப் பதப்படுத்தினார்கள். குரோம் எல்லாம் பிறகு வந்தது. கடுக்காய்க்கு அறிவியல் பெயர் வைத்தவர் ஸ்வீடனில் இருந்த ரெட்சியுஸ். கோனிக் எழுதி அனுப்பிய இஞ்சிக் குடும்பச் செடிகளின் விவரிப்புகளை 1783-ல் தன் புத்தகத்தில் அச்சேற்றியவரும் அவரே.

புற்றுக்குள் ஒரு தோட்டம்

1779-ல் பெர்லினில் இயற்கை ஆய்வாளர் சங்கம் ஒன்றின் இதழில் கோனிக்கின் ஜெர்மன் கட்டுரை வந்தது. தலைப்பு, வெள்ளை எறும்பு என்று சொல்லப்படுகிற பூச்சியின் இயற்கை வரலாறு. வெள்ளை எறும்பு என்றால் நம் கரையான். தஞ்சாவூர்ப் பக்கம் மக்கள் ஈசல் பிடிக்கும் விதத்தை அவர் விவரமாக எழுதியிருக்கிறார். மழைக்கு முன்னால் புற்றின் ஒரு பக்கம் பானை வைப்பது, காற்று வரும் பக்கத்திலிருந்து புகை போடுவது, ஈசல் புகைக்குப் பயந்து பானைக்குள் விழுவது. இதை வறுத்துச் சாப்பிட்ட தாத்தா பாட்டி உங்கள் வீட்டிலும் இருக்கலாம். முதுகுக்குப் பலம் என்று வயசானவர்களுக்கு ராணிக் கரையானை உயிரோடு கொடுத்ததையும் அவர் குறித்து வைத்தார். இந்த வைத்தியம் பலித்ததற்கு ஆதாரம் கிடையாது, முயற்சி செய்ய வேண்டாம்.

முக்கியமான விஷயம், புற்றின் உள்ளே இருந்தது. புற்றுக்குள் அறை அறையாகப் பஞ்சு மாதிரி ஓட்டை விழுந்த கட்டிகள் இருக்கும். அதன் மேல் ஜவ்வரிசியைவிடச் சின்னதாய் வெள்ளை உருண்டைகள். அது காளான் இனம் என்று கோனிக் பதிவு செய்தார். இரண்டு வருடம் கழித்து, 1781-ல், ஸ்மீத்மேன் என்பவர் ஆப்பிரிக்கக் கரையான்களைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டி இதழில் எழுதினார். உலகம் அதிகமாகப் படித்தது அதைத்தான். முதலில் சொன்னவர் பின்னால் போய்விட்டார்.

இது ஏன் பெரிய விஷயம்? கரையானால் மரத்திலும் சருகிலும் உள்ள கெட்டியான லிக்னினைத் தானே முழுசாகச் செரிக்க முடியாது. அது சருகைத் தின்று, அரைகுறையாகச் செரித்த கழிவைக் கட்டியாக அடுக்குகிறது. அந்தக் கழிவிலேயே காளான் விதைத்துகள்களும் கலந்திருக்கும். காளான் அதில் வளர்ந்து லிக்னினை உடைத்துக் கொடுக்கிறது. பிறகு கரையான் அந்த வெள்ளை உருண்டைகளையும் பதமான கட்டியையும் சாப்பிடுகிறது. சுருக்கமாகச் சொன்னால் விவசாயம். சுமார் 3 கோடி வருடங்களுக்கு முன்பு ஆப்பிரிக்காவில் ஆரம்பித்த விவசாயம். நேற்று முளைத்த காளான் என்று யாரையாவது திட்டும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மழை பெய்து மண் நன்றாக நனைந்ததும், இந்தக் காளான் புற்றுக்குள்ளிருந்து நீளமான வேர் போன்ற தண்டை மேலே அனுப்பும். மண்ணுக்கு வெளியே குடை விரியும். அதுதான் புற்றுக்காளான். இடி இடித்தால் காளான் முளைக்கும் என்ற நம்பிக்கை வந்ததும் இதனால்தான், இடியோடு மழையும் வருகிறதே. கரையான் கைவிட்ட புற்றில் இது வராது. அங்கே விரல் விரலாய்க் கறுப்பான வேறொரு பூஞ்சை கட்டியைப் பிடித்துக்கொள்ளும்.

லின்னேயஸ் காளான்களைத் தாவரங்களின் 24-வது வகுப்பில், பூ காயே கண்ணுக்குத் தெரியாதவை என்ற கூட்டத்தோடு தள்ளி வைத்திருந்தார். குருவுக்கே பிடிபடாத பகுதி அது. பூஞ்சைகள் செடியே இல்லை, தனி உலகம், மரபுவழியில் செடியைவிட விலங்குகளுக்கு நெருக்கம் என்பதெல்லாம் 20-ம் நூற்றாண்டில் தெளிவானது. புற்றுக்காளானுக்கு டெர்மிட்டோமைசெஸ் என்ற பெயரை பிரெஞ்சு ஆய்வாளர் ரோஜர் ஹெய்ம் 1942-ல்தான் வைத்தார். 1979-ல், கோனிக் கட்டுரை வந்து சரியாக 200 வருடம் கழித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே.நடராஜன் தென்னிந்தியாவிலிருந்து ஒரு புது இனத்தை விவரித்து அதற்கு ஹெய்ம் பெயரையே சூட்டினார்: டெர்மிட்டோமைசெஸ் ஹெய்மி.

சரி, சாப்பிடலாமா?

படத்தை மட்டும் பார்த்து யாரும் பதில் சொல்லக்கூடாது, செயலியும்தான். ஆனால் எதைப் பார்த்து முடிவுக்கு வருகிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் அடியைப் பாருங்கள். கத்தரித்தால் பாதித் தகவல் மண்ணுக்குள்ளேயே போய்விடும். சுற்றி மண்ணைத் தோண்டி முழுசாக எடுக்க வேண்டும். புற்றுக்காளான் என்றால் தண்டு வால் மாதிரி மெலிந்து நீண்டு கீழே போய்க்கொண்டே இருக்கும், கடைசியில் கரையான் கட்டியில் முடியும். அடியில் கிண்ணம் மாதிரி ஒரு பை இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். உலகத்தில் காளானால் நடக்கும் சாவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமான அமனிட்டா வகையின் முக்கிய அடையாளம் அந்தப் பை.

அடுத்தது குடையின் உச்சி. புற்றுக்காளான்கள் பலவற்றில் நடுவில் கூம்பு மாதிரி கெட்டியான மொட்டு இருக்கும். மண்ணைத் துளைத்துக்கொண்டு வர அது தேவை. தண்டில் மோதிரம் மாதிரி வளையம் இருப்பதை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. அமனிட்டாவிலும் வளையம் உண்டு, மேலே சொன்ன ஹெய்மியிலும் உண்டு. இரண்டும் வெள்ளை வேறு. குழப்பம் வருவது இங்கேதான்.

அதனால்தான் விதைத்துகள் அச்சு எடுப்பார்கள். தண்டை வெட்டிவிட்டு, குடையைச் செதில் பக்கம் கீழே இருக்கிற மாதிரி, பாதி வெள்ளை பாதி கறுப்புத் தாளில் வைத்து, மேலே ஒரு டம்ளரைக் கவிழ்த்து ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் தாளில் பொடி படிந்திருக்கும். புற்றுக்காளானுக்கு அது இளஞ்சிவப்பு கலந்த வெளிர் நிறம். அமனிட்டாவுக்கு வெள்ளை. பச்சையாக இருந்தால் அது குளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸ், மழைக்குப் பிறகு புல்வெளியிலும் மைதானத்திலும் வட்டமாய் முளைக்கும் அழகான வெள்ளைக் குடை, மேலே பழுப்புச் செதில். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆளை உலுக்கிவிடும். பெரும்பாலும் உயிர் போகாது, ஆனால் குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம்.

இளஞ்சிவப்பு வந்துவிட்டது, எல்லாம் சரி என்றும் சொல்ல முடியாது. அதே நிற அச்சு விடும் நச்சுக் காளான்களும் இருக்கின்றன. நீண்ட வேர், புற்று, உச்சி மொட்டு, அச்சு, இத்தனையும் ஒன்றாகப் பொருந்தினால்தான் பேச்சே. அதற்கு மேல், அந்த ஊரில் வருடா வருடம் எடுத்துச் சாப்பிடுகிற அனுபவசாலி ஒருவர் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும்.

வீட்டில் சொல்லும் சோதனைகள் எதுவும் வேலைக்காகாது. வெள்ளிக் கரண்டி கறுத்தால் விஷம், பூண்டு நிறம் மாறினால் விஷம், மஞ்சளும் புளியும் போட்டுக் கொதிக்க வைத்தால் விஷம் முறியும், பூச்சி தின்ற காளான் நல்ல காளான். எல்லாமே தப்பு. அமனிட்டாவின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. அது வேலை செய்யும் விதமும் மோசம். 6 முதல் 24 மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. பிறகு கடும் வாந்தி, பேதி. அப்புறம் ஒரு நாள் சரியான மாதிரி இருக்கும். அந்தச் சமயத்தில் கல்லீரல் உள்ளுக்குள் அழிந்துகொண்டிருக்கும். எனவே காளான் சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்து வாந்தி வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் 108-ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். மிச்சம் இருக்கும் காளானைத் தாளில் சுற்றி எடுத்துப் போங்கள், டாக்டருக்கு உதவும்.

வேலூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர்க்காரர்களுக்கு இன்னொன்று. காளான் மண்ணில் உள்ள கன உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்து வைக்கக்கூடியது. அது எந்த இனம் என்று சரியாகக் கண்டுபிடித்தாலும், எந்த மண்ணில் முளைத்தது என்பதை எந்த அச்சும் சொல்லாது. தோல் கழிவு கொட்டிய இடம், கழிவுநீர் ஓடிய பாலாற்றங்கரை, நெடுஞ்சாலை ஓரம், இங்கெல்லாம் முளைத்ததை அது நல்ல புற்றுக்காளானாகவே இருந்தாலும் படம் எடுத்துவிட்டு வந்துவிடுங்கள். காளான் ஆசை என்றால் கடையில் சிப்பிக்காளானும் பால்காளானும் கிடைக்கிறது. புற்றுக்காளானை மட்டும் பண்ணையில் வளர்த்து விற்க இன்னும் முடியவில்லை. அந்த விவசாயம் கரையானுக்கு மட்டும்தான் தெரியும்.

கம்பெனி, சயாம், கடைசிப் பயணம்

கோனிக்கிடம் திரும்புவோம். 1778 ஜூலையில் கிழக்கிந்தியக் கம்பெனி அவரை மாதச் சம்பளத்தில் தன் இயற்கை ஆய்வாளராக நியமித்தது. டேனிஷ் மிஷன், நவாப், இப்போது கம்பெனி. முதலாளி மாறினாலும் வேலை அதேதான். கம்பெனிக்கு வேண்டியது வியாபாரத்துக்கு ஆகும் செடி. அவருக்கு வேண்டியது எல்லாச் செடியும். அந்த வருடமே கப்பல் ஏறி சயாம், மலாக்கா என்று 1780 வரை சுற்றினார். இன்று நாம் ஹாலிடே பேக்கேஜில் போகிற புக்கெட் தீவில்தான் இஞ்சிக் குடும்பச் செடிகளை உட்கார்ந்து விவரித்தார்.

அவர் திரும்பிய 1780-ல் ஹைதர் அலி படையோடு இறங்கினார். ஆற்காடு விழுந்தது, அடுத்து ஆம்பூரும். வேலூர்க் கோட்டை மட்டும் முற்றுகையைத் தாங்கி நின்றது. அவர் செடி தேடி நடந்த வழியெல்லாம் போர்க்களம், பிறகு பஞ்சம்.

அவரிடமிருந்து கற்றுக்கொண்டவர்களில் ஒருவர் வில்லியம் ராக்ஸ்பர்க், சாமல்கோட்டையில் இருந்த இளம் ஸ்காட்லாந்து டாக்டர். இன்னொரு நண்பர் விசாகப்பட்டினத்தில் இருந்த பாட்ரிக் ரஸ்ஸல், பின்னாளில் இந்தியப் பாம்புகளைப் பற்றிப் புத்தகம் போட்டவர். 1785-ல் கல்கத்தாவுக்குக் கிளம்பிய கோனிக்குக்கு வழியில் ரத்தபேதி கண்டது. ராக்ஸ்பர்க் வந்து பார்த்தார். ஊரார் எத்தனையோ பேருக்கு இதே நோய்க்கு மருந்து கொடுத்த டாக்டர், அந்தக் காலத்து மருந்துகளால் பிழைக்கவில்லை. 1785 ஜூன் 26-ல், இன்று காக்கிநாடாவில் சேர்ந்துவிட்ட ஜகந்நாதபுரத்தில் இறந்தார். வயது 56.

கையெழுத்துக் குறிப்புகளை லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதி வைத்திருந்தார். மரக்கலத்தில் ஏறி அவை இங்கிலாந்து போய்ச் சேர்ந்தன. கம்பெனி வேலை ரஸ்ஸலுக்குப் போனது, பிறகு ராக்ஸ்பர்க்குக்கு. ராக்ஸ்பர்க் 1793-ல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்று, இந்தியத் தாவரவியலின் தந்தை என்று பெயர் வாங்கினார். கோனிக் தன் வாழ்நாளில் பெரிய புத்தகம் எதுவும் போடவில்லை. எழுதியதில் நிறைய, அடுத்தவர் புத்தகங்களுக்குள்தான் அச்சாகியிருக்கிறது. சயாம் நாட்குறிப்பு ஆங்கிலத்தில் வர 1894 ஆனது, அதுவும் சிங்கப்பூரில் வந்த ஒரு ஆய்விதழில்.